இடது முன் சக்கரம்

ஜீப்பை வாங்க வந்தவர் முதலில் கேட்டது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று. மீட்டர் இரண்டு தடவை மாற்றியது, அதில் நிற்கிற எண்ணை நம்ப வேண்டாம் என்றான் சுகந்தியின் அண்ணன். வந்தவர் பெயர் குத்தாலிங்கம். புளியங்குடிக்காரர், மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்பு வைத்திருந்தார். மழைக்காலத்தில் தோப்பிலிருந்து ரோட்டுக்கு மூட்டை இறக்க டிராக்டர் சரிப்படவில்லை, வழுக்குகிறது என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

அடுத்தபடியாக, தண்ணீரில் இறங்குமா என்று கேட்டார். முழங்கால் தண்ணீர் வரை பயமில்லை, ஆக்சில் மூச்சுவிடுகிற குழாய்களை பானெட் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறேன், உள்ளே தண்ணீர் போகாது என்று அண்ணன் குனிந்து காட்டினான். குத்தாலிங்கமும் குனிந்து பார்த்தார். முன் பம்பரில் இருந்த, சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கிற வின்ச்சின் கம்பியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். டயரைக் காலால் எத்தினார். பின்சீட்டுக்கு மேலே குறுக்குக் கம்பியில் பற்றவைத்திருந்த சின்னக் கைப்பிடியைத் தொட்டு, இது என்னத்துக்கு என்றார். குட்டையான ஆள் பிடித்துக்கொள்ள என்றான் அண்ணன். யார் அந்தக் குட்டையான ஆள் என்று அவர் கேட்கவில்லை.

இவ்வளவு வேலை பார்த்த வண்டியை எதற்குக் கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு, ஓட்டுவதில்லை, சும்மா நிற்கிறது என்றான். குத்தாலிங்கம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, நான் மெக்கானிக் யாரையும் கூட்டிட்டு வரல. உன் மூஞ்சியப் பாத்துத்தான் வாங்கப் போறேன். என்ன கோளாறுன்னு நீயே சொல்லிரு."

"இடது முன் சக்கரத்து ஹப்பு, அண்ணாச்சி. சமயத்துல பிடிக்காது. நம்பி மேட்டுல ஏத்திராதீங்க. முதல் வேலையா அதை மாத்திருங்க."

குத்தாலிங்கம் சிரித்துவிட்டார். "நாப்பது வருசமா எலுமிச்சம்பழம் விக்கேன். அழுகுன பழத்த மேல எடுத்து வச்சு விக்கிறவன இன்னைக்குத்தான் பாக்கேன்."

கழற்றிப் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஏழு தடவை கழற்றிப் பார்த்தாயிற்று, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கடையில் வாங்கியதல்ல, நானே வெட்டி வளைத்துப் போட்டது, கோளாறு என் கையில்தான் என்றான். சுகந்தி அப்போது டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றாள். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டே குத்தாலிங்கம் அவளிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நெசந்தானா, இல்ல வண்டிய விட மனசில்லாம சொல்லுதானா?"

"அண்ணனுக்குத்தான் தெரியும்" என்றாள் சுகந்தி.

அதன் பிறகு பேச்சு விலைக்குப் போய்ச் சீக்கிரமே முடிந்தது. கிளம்பும்போது அண்ணன் உள்ளே போய் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துவந்தான். எட்டு வருஷத்தில் எதை எப்போது மாற்றியது, எந்த எண்ணெய், எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது, என் தங்கச்சி எழுதியது, தப்பே இருக்காது என்று சொல்லிக் கொடுத்தான். குத்தாலிங்கம் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். தெரு முனை வரை அண்ணன் கூடவே நடந்து போனான். சுகந்தி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அந்த ஹப்பில் ஒரு கோளாறும் இல்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

*

அண்ணனுக்கு முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். வீட்டில் பெருமாள். இலஞ்சியில் பிறந்து, தென்காசியில் டீசல் மெக்கானிக் படிப்பு முடித்து, பேரூராட்சித் தண்ணீர் தொட்டியில் பம்ப் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவன். விடியற்காலை தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாக வால்வு திறந்து மூடி, பத்து மணிக்கு வீடு திரும்பினால் மாலை வரை அவன் பொழுது அவனுடையது. சுகந்தி அவனுக்கு எட்டு வயது இளையவள். ஐந்தாவது வரை தமிழிலும் அதன் பிறகு இங்கிலீஷிலும் படித்தவள். இரண்டிலும் எழுதுவாள். இரண்டிலும் அதிகம் பேசமாட்டாள்.

செங்கோட்டையில் ஒரு மரமில்லின் பின்புறம் கேரளா நம்பர் போட்ட ஜீப் ஒன்று செடி முளைத்துக் கிடந்தது. அதைப் பெருமாள் வாங்கி, தெரிந்தவரின் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, தெருவில் பாதிப்பேர் வேடிக்கை பார்த்தார்கள். தரைத்தகடு முழுக்கத் துருவேறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மண் தெரிந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகி அப்போது ஆறு மாதம். மனைவி உமாதேவி வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "பெண் பாக்க வந்தன்னிக்குக்கூட என்னைய இப்படிப் பாக்கல இந்த மனுசன்" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மதினி சொன்னது பகடிதான். ஆனாலும் அவன் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது.

தரைத்தகட்டை முதலில் மாற்றினான். பிறகு பிரேக். பிறகு, ஸ்டீயரிங் திருப்பினால் தோள்பட்டை வலிக்கிறது என்று, வேறொரு வண்டியின் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்து, அதற்கு இடம்பண்ண ஒரு மாதம் அளந்து அளந்து பார்த்து ஏற்றினான். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டினான். அவசரமே கிடையாது. ஒரு நட்டைப் பூட்டினால் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். கோடு நகர்ந்திருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று தெரியும். டீக்கடையில், "ஏலே பெருமாளு, இன்னைக்கு என்னத்தக் கழத்துன?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். தெருவில் மிக்சி நின்றாலும் மோட்டார் நின்றாலும் அவர்களேதான் அவனைத் தேடியும் வருவார்கள்.

அவனுக்கு வேண்டிய விவரமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நெட்டில் எங்கெங்கோ தேடி எடுத்த பழைய சர்வீஸ் புத்தகத்தின் பக்கங்களைச் சுகந்தி தமிழில் எழுதிக் கொடுப்பாள். அந்த நீல நோட்டு அப்படித் தொடங்கியது. அவன் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலிருந்து கேட்பான், அவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வாசிப்பாள். இன்று அவள் வீட்டிலிருந்தபடி பார்க்கும் வேலையும் அதுதான். குக்கர், வாட்டர் ஹீட்டர், தையல் மெஷின் என்று எது எதற்கோ வரும் குறிப்புகளைத் தமிழாக்கித் தருகிறாள். 'சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும்' என்ற வரியை எத்தனை தடவை எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எழுதும் ஒவ்வொரு தடவையும் கை ஒரு நொடி நிற்கும்.

முன் சக்கரங்களுக்கு ஹப் போட்டது ஐந்தாவது வருஷம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில், நல்ல ரோட்டில் போகும்போது முன் சக்கரங்களுக்கு அந்த வேலை தேவையில்லை. சும்மா உருண்டால் போதும். அதற்காக ஒவ்வொரு முன் சக்கரத்தின் நடுவிலும் கையால் திருகுகிற ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் விடுபட்டு உருளும். மறுபக்கம் திருப்பினால் ஆக்சிலோடு பூட்டிக்கொள்ளும். சேறோ ஓடையோ வந்தால் இறங்கி இரண்டையும் பூட்ட வேண்டும். ஒன்றைப் பூட்டி மற்றொன்றை விட்டுவிட்டால், பூட்டிய ஒன்றும் பயன்படாது. விசையெல்லாம் பூட்டாத பக்கத்துக்குப் போய் உள்ளுக்குள்ளேயே வெறுமனே சுற்றும். முன்பக்கம் மொத்தமும் செத்தது போலத்தான்.

பழைய சாமானாக வாங்கிய ஜோடியில் இடது ஹப்பின் ஸ்பிரிங் இற்றுப் போயிருந்தது. தனி ஸ்பிரிங் எங்கும் கிடைக்கவில்லை. பெருமாள் வேறொரு ஸ்பிரிங்கை வெட்டி, வளைத்து, எடை வைத்து அழுத்திப் பார்த்து, பதினோராவது தடவையில் அளவு கொண்டுவந்தான். அவன் செய்த வேலைகளில் அவனுக்கே பிடித்தமானது அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத வேலை.

*

பேராச்சி, பெருமாளின் அம்மாவோடு ஒரு காலத்தில் நடவுக்குப் போனவள். பிறகு மேக்கரைக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில், மிளகும் கிராம்பும் பறிக்கிற ஆட்களுக்குச் சமைக்கப் போனாள். சனிக்கிழமை மாலை இறங்கி வந்து, ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒரு வாரத்துக்கான காய்கறி, பருப்பு மூட்டைகளோடு திரும்பப் போக வேண்டும். மேக்கரை வரை பஸ். அதற்கு மேல் தோட்டத்து டிராக்டர். டிராக்டர் கெட்டுக் கிடந்த ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை அவள் பெருமாளிடம் வந்து கேட்டாள். அவன் கொண்டுபோய் விட்டான். அடுத்த வாரமும் வந்தாள். டிராக்டர் சரியாகிவிட்டது, அதில் போனால் முதுகெலும்பு கழன்றுவிடுகிறது, உன் வண்டி தொட்டில் மாதிரி இருக்கிறது என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் அவளுக்கு அந்தக் கைப்பிடியைப் பற்றவைத்தான் என்று உமாதேவி சொல்வாள். நாலரை அடி உயரம் பேராச்சி. கைப்பிடி அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. வேறு யாருக்கும் அது தோளில் இடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குச் சுகந்தியும் போவாள். பண்பொழி தாண்டியதும் மலை முன்னால் வந்து நிற்கும். மேக்கரைக்கு மேலே ஓர் ஓடை. ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெருமாள் வலது பக்கம் இறங்குவான், அவள் இடது பக்கம் இறங்குவாள். அவரவர் பக்கத்துக் குமிழை அவரவர் திருப்ப வேண்டியது. ஓடைச் சத்தத்தில் பேசினால் கேட்காது. திருப்பி முடித்ததும் மட்கார்டில் இரண்டு தட்டு. அவன் இரண்டு தட்டு, அவள் இரண்டு தட்டு. ஏறி உட்கார்ந்து போக வேண்டியதுதான். அவள் தட்டியதை அவன் ஒருநாளும் சுற்றிவந்து பார்த்ததில்லை.

மூன்று வருஷத்தில் நூறு தடவையாவது தட்டியிருப்பாள். ஓடையில் தண்ணீர் பெரும்பாலும் கணுக்காலளவுதான். அதற்குப் பின்னால் வரும் பாறை மேட்டில் பின்சக்கரம் இரண்டு மட்டுமே வண்டியை ஏற்றிவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. அண்ணன் சும்மா பயப்படுகிறான் என்று நினைப்பாள், சொன்னதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. வழியில் இரண்டு பேர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், இந்த ஜீப்பு அருவிக்கு மேலேயே ஏறுமா என்று கேட்க, இறங்கத்தான் யோசிக்கும் என்றான் பெருமாள். அன்றைக்கு அவன் நல்ல மனநிலையில் இருந்தான். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

ஓடைக்கரையில் சுகந்தி இறங்கிக் குனிந்தபோது காலில் அட்டை ஏறியிருப்பது தெரிந்தது. நிமிர்ந்து, ஒற்றைக் காலில் நின்று, அதைப் பிய்த்து எறிந்தாள். செருப்பு வாரில் இன்னும் ஒன்று இருந்தது. அதையும் பிய்க்கும்போது அண்ணனின் இரண்டு தட்டு கேட்டது. அவளும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மறந்துவிட்டாள் என்று சொன்னால் முழு உண்மையாகாது. தட்டும்போதே அவள் கைக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்தபோது மனதுக்கும் தெரியும். மறுபடி இறங்கினால் இன்னும் இரண்டு அட்டை. என்றைக்கும் தேவைப்படாதது இன்றைக்கா தேவைப்படப் போகிறது.

ஓடை தாண்டியது. மேட்டில் பாதிக்கு மேல் ஏறியதும் பின்சக்கரங்கள் பாசியில் சுற்றத் தொடங்கின. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கிற லிவரைப் பெருமாள் முன்னமே போட்டிருந்தான். முன்பக்கம் இழுக்கும் என்று நம்பி ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தான். இழுக்கவில்லை. வண்டி ஒரு நொடி நின்றது, பிறகு வால் பக்கமாக வழுக்கிக்கொண்டு கீழே போனது. பின்மூலை ஒரு பாறையில் மோதி, பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கி நின்றது. பேராச்சி வெளியே விழவில்லை. கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள். பிடித்த கை மணிக்கட்டில் முறுகி ஒடிந்துவிட்டது.

பெருமாள் குதித்துப் பின்னால் ஓடினான். சுகந்தியும் இறங்கினாள். அவள் பின்னால் போகவில்லை. முன் சக்கரத்துக்குப் போய்க் குமிழைத் திருப்பினாள். சுலபமாகத் திரும்பியது. வண்டி பள்ளத்திலிருந்து வெளியே வர வேண்டுமே என்றுதான் திருப்பினாள், அந்த நேரத்தில் வேறு எண்ணம் இல்லை. இதை அவள் பின்னால் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் சுற்றிவந்து இரண்டு ஹப்பையும் பார்த்து, இரண்டும் பூட்டித்தானே இருக்கிறது என்று குழம்பி நின்றபோது, அவள் பேராச்சியின் கைக்குத் துண்டு கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

வண்டியை எடுத்தான். முன்பக்கம் அழகாக இழுத்து, பள்ளத்திலிருந்து ஏறி வெளியே வந்தது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பேராச்சி பின்னால் முனகிக்கொண்டு வர, அவன் மெதுவாகக் கேட்டான்.

"நீ பூட்டுனேல்லா?"

"பூட்டுனேன்."

சொன்ன நேரத்தில் அது உண்மையும்கூட.

*

மறுநாளே இடது ஹப்பைக் கழற்றினான். ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. பூட்டினான். ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிச் சுகந்தியைக் கூப்பிட்டான். அவள் சுற்றினாள். அவன் ஆக்சில் மேல் காதை வைத்துக் கேட்டான். நன்றாகத்தான் பிடிக்கிறது, அப்படியானால் அன்றைக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் முகம் அவள் கைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். சக்கரத்தை இன்னொரு சுற்று சுற்றினாள்.

அன்று மாலை நோட்டை எடுக்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'இடது ஹப். ஏற்றத்தில் பிடிக்கவில்லை. காரணம், கையால் செய்த ஸ்பிரிங் சூட்டிலோ அதிர்விலோ விடுகிறது என்று தோன்றுகிறது.' அவள் கையெழுத்து எப்போதும் போல அச்சடித்தது மாதிரி இருந்தது. 'என்று தோன்றுகிறது' என்பதை அவன் சொல்லவில்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கட்டுப் போட்ட கையோடு மூன்றாவது ஞாயிறு பேராச்சி வந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். தோட்டத்தில் வேறு ஆளை வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், ஒற்றைக் கையால் கிண்டிக்கொள்வேன் என்றாள். பெருமாள் வர முடியாது என்றான்.

"தம்பி, கை ஒடிஞ்சா ஒட்டிக்கிடும். எனக்கு அந்த டிராக்டருல ஒத்தக் கையால பிடிச்சிட்டுப் போக முடியாதுல்லா."

"அக்கா, என் கைவேலைய நம்பி இனிமே ஒரு ஆளையும் ஏத்தமாட்டேன். கேக்காதீங்க."

பேராச்சி கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு, சாப்பிட்டாயா என்று சுகந்தியைக் கேட்டுவிட்டுப் போனாள். தோட்டத்தில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். பேராச்சி சிவகிரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

ஏழு தடவை கழற்றினான். எட்டாவது தடவை கழற்றவில்லை. ஜீப்பின் மேல் தார்ப்பாய் விழுந்தது. தெருவில் யாராவது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தால், கடையில் கொடுங்கள், எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்றான். அவனுக்கு முப்பத்தாறு வயது. பம்ப் ஹவுஸிலிருந்து கிளம்பிப் பாதி வழி வந்து, வால்வை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் தினமும். உமாதேவி பகடி பண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஒரு வருஷம் அப்படி நின்றபிறகுதான் குத்தாலிங்கம் வந்தார். அன்று அவளிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. நேராக அவளைப் பார்த்துக் கேட்டார். ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து அவர் போன் பண்ணினார். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். ஹப்பை மாற்றவே இல்லை, ஐப்பசி மழையில் தோப்புக்குள் தினமும் மூட்டையோடு ஏறி இறங்குகிறது, ஒருநாளும் விடவில்லை, நீ போட்ட ஸ்பிரிங் ராஜா ஸ்பிரிங் என்று சிரித்தார். பெருமாள் சிரிக்கவில்லை. சமயம் பார்த்துத்தான் விடும் அண்ணாச்சி, ஆள் ஏற்றும்போது கவனமாக இருங்கள் என்று சொல்லி வைத்தான்.

அதற்கும் சில வாரம் கழித்து ஒரு காலை, சுகந்தி வெளியே வந்தபோது அவன் உமாதேவியின் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டாள். பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறது, கடையில் இறுக்கிக்கொண்டு வருகிறேன் என்றான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை ஒரு திருப்புத் திருப்பினால் தீர்ந்தது. அந்த ஸ்பேனர் வீட்டில்தான் இருந்தது, துணியில் சுற்றி, எண் வரிசையில்.

அவள் கூடவே நடந்தாள். கடை வரை நானூறு அடி இருக்கும். நூறு அடி நடந்தார்கள். பிறகு சொல்லிவிட்டாள். அட்டை, தட்டினது, அவன் பின்னால் ஓடியபோது குமிழைத் திருப்பினது எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டு, வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். பெருமாள் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான்.

"உன் மதினி சொல்லிக்குடுத்தாளா?"

"இல்லண்ணே. நெசமாத்தான் சொல்லுதேன்."

"அப்போ நோட்டுல ஏன் அப்படி எழுதுன?"

"நீ சொன்ன. எழுதுனேன்."

"நான் தப்பாச் சொன்னா எழுதிருவியோ நீ? ஒரு வார்த்தைக்கு ரெண்டு நாள் யோசிக்கிறவ." அவன் குரல் இளகியிருந்தது. "எனக்காகத்தான் சொல்லுத, தெரியுது. உனக்குப் பொய் சொல்ல வரல ஏட்டி. விடு."

கடை வந்துவிட்டது. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்தார். அரை நிமிஷ வேலை. பெருமாள் கையைக் கட்டிக்கொண்டு, தெரியாத ஒரு வேலையைப் பார்ப்பவன் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான். சுகந்தி அவனுக்குப் பின்னால் நின்றாள். இன்னொரு தடவை சொன்னாலும் நம்பமாட்டான். அவள் சொல்வதை அவன் எப்போதும் நம்பியிருக்கிறான், அதனால்தான் நம்பமாட்டான்.

ஹப்பைப் பூட்டிய முதல் நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. வீட்டு முற்றத்தில், மழையில்லாத ஒரு மதியம், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பழகிப் பார்த்தார்கள். புதுக் கிரீஸில் குமிழ் இறுக்கமாக இருந்தது, அவள் விரலுக்கு வரவில்லை. மட்கார்டில் எப்படித் தட்ட வேண்டும் என்று அவன் தட்டிக் காட்டினான். பிறகு பானெட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஏட்டி. திருப்ப வரலைன்னா வரலைன்னு சொல்லு. சொல்லக் கூச்சமா இருந்தா பேசாம நில்லு, அதுதான் உனக்கு நல்லா வருமே. நான் சுத்தி வந்து பாத்துக்கிடுதேன். ஆனா திருப்பாம மட்டும் தட்டிராத."